சினம் தணிக்கும் சாஸ்திரம்

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் திருச்செந்தூர்க் கடற்கரையிலும், இன்னும் எத்தனையோ ஊர்களின் தேரோடும் வீதிகளிலும், சூரனின் தலை சாய்ந்து ஜனத்திரள் ஆரவாரிக்கின்ற அதே வேளையில், அறுபடை வீடுகளுள் ஒன்றாகிய திருத்தணிகையில் மாத்திரம் அந்த யுத்தம் நடைபெறுவதில்லை. கூடை கூடையாகப் புஷ்பங்களைக் கொணர்ந்து மூர்த்திக்கு அர்ச்சித்து அந்நாளை நிறைவு செய்கிறார்கள். சூரனோடும் பின்னர் வேடர்களோடும் பொருது, போரால் மூண்ட சினம் ஆறி முருகன் அமர்ந்த மலை இது என்று ஸ்தல புராணம் கூறுவதால், தணிந்த கோபத்தை மறுபடியும் கிளறிவிடக் கூடாது என்ற மரியாதையே இந்தச் சம்பிரதாயத்திற்குக் காரணம். வள்ளியை மணந்து மகிழ்ந்திருக்கும் தெய்வத்தின் முன்பு பகைவனின் பொம்மைத் தலையைக் கொண்டுபோய் நிறுத்துவது நாகரிகமல்ல என்று கருதிய முன்னோர்களின் மனோதத்துவ ஞானத்தை, வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது மெச்ச வேண்டும்.

வருஷத்தின் நாள்களைக் கணக்கிட்டாற்போல் 365 படிகள் கொண்ட இம்மலைமேல் ஆடிக் கிருத்திகையன்று புஷ்பக் காவடிகள் வரிசை வரிசையாக ஏறுவதும், அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் மொட்டையடித்துக்கொண்ட தலைகள் மஞ்சளும் சந்தனமுமாய் முழுகி எழுவதும், தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் மாறி மாறி ஒலிப்பதும் இவ்வூரின் வழக்கமான காட்சிகள். 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து அந்தப் பக்கம் போய்விட்ட திருத்தணி, ம. பொ. சிவஞானமும் அவரைச் சார்ந்தோரும் நடத்திய கிளர்ச்சிகளுக்குப் பின், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்திற்கு மீண்டது. அந்தக் கிளர்ச்சியில் கொதித்த சினமும் கொஞ்சநஞ்சமல்ல. அது வேறு சரித்திரம். நாம் இங்கே பார்க்கப்புகுவது, மனிதனுக்குள் மூளும் சினத்தை உடற்கூறாகவும் சுரப்பியாகவும் நரம்பாகவும் பிரித்துப் பார்க்கத் துணிந்த விஞ்ஞானம், இம்மலைக்குத் தென்கிழக்கே சென்னையிலும் தென்மேற்கே வேலூரிலும் எவ்வாறு சபை கூடிற்று, கூடி என்ன செய்தது என்பதைத்தான்.

சுரப்பி, மூளை, நடத்தை என்னும் மூன்றையும் ஒரே மேடையில் வைத்துப் பேசுவது இன்று சகஜமாகிவிட்டது. இதற்கென்றே பிரதேச வாரியாக மகாநாடுகள் கூடுகின்றன. ஆனால் இந்த மூன்று சாஸ்திரங்களும் பிறந்த இடங்கள் வெவ்வேறு, வளர்த்த தாய்மார்களும் வெவ்வேறு. லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் உடலியல் பேராசிரியர், ரத்தத்தின் வழியே தூது சென்று தூரத்து உறுப்பை ஏவுகின்ற ரசங்களுக்கு ‘ஹார்மோன்’ என்று பெயர் சூட்டியது 1905-இல்தான். பத்து வருஷங்களுக்குப் பின், அமெரிக்காவில் வால்ட்டர் கானன், வலியும் பசியும் பயமும் கோபமும் எழும்போது அட்ரினல் சுரப்பி உடம்பை எவ்வாறு சண்டைக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தப்படுத்துகிறது என்று ஒரு நூல் முழுவதும் விவரித்தார். ஸூரிக் நகரத்து வால்ட்டர் ஹெஸ், விழித்திருக்கும் பூனையின் மூளையடியிலே மெல்லிய கம்பியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்ச, எதிரில் யாருமே இல்லாதபோதும் அந்தப் பூனை மயிர் சிலிர்த்துச் சீறக் கண்டார். கோபத்திற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, காரணமே இல்லாத கோபத்தை ஒரு பொத்தானை அழுத்தி வரவழைக்கலாம் என்று அவர் காட்டியது, சிறிது யோசித்துப் பார்த்தால், பயங்கரமான சேதிதான்.

நம் தேசத்தில் விஞ்ஞானிகள் வருஷந்தோறும் ஓரிடத்தில் கூடிப் பேசுவது என்ற வழக்கத்திற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் ஜே. எல். ஸைமன்ஸன் என்பதை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். லக்னோவிலிருந்த சக பேராசிரியர் மக்மஹோனுடன் சேர்ந்து அவர் செய்த முயற்சியின் பயனாக இந்திய விஞ்ஞான காங்கிரஸ் 1914 ஜனவரியில் கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜியின் தலைமையில் முதன்முறை கூடிற்று. 105 பேர் வந்தனர், 35 கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. மறு வருஷமே இரண்டாவது கூட்டம் சென்னைக்கு வந்தது. அதே மாநிலக் கல்லூரியில், அதே வருஷங்களில், திருத்தணியில் 1888-இல் பிறந்து, திருப்பதியிலும் வேலூர் வூர்ஹீஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும் படித்து வந்த ஓர் இளைஞர் தத்துவம் போதித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் ராஷ்டிரபதி ஆன சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான் அவர். அவர் 1912-இல் வெளியிட்ட ஒரு சிறு நூல் வேதாந்தத்தைப் பற்றியதன்று. மனோதத்துவத்தின் அடிப்படைகளைப் பற்றியது. திருத்தணிக்காரர் ஒருவர் புலனுணர்ச்சி, கவனம், உணர்ச்சிவேகம் ஆகியவற்றை விளக்கிப் பாடம் சொல்லிக்கொண்டிருக்க, அதே கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர் ஸைமன்ஸன் அகில இந்திய விஞ்ஞான சபைக்குத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அச்சபையின் முதற் கூட்டத்தில் மனோதத்துவத்திற்கு இடமே கிடையாது. ரசாயனம், பௌதிகம், தாவரம், விலங்கு, பூகர்ப்பம், இனவரைவியல் என்று ஆறு பிரிவுகள்தாம் இருந்தன. மனத்திற்குத் தனிப் பிரிவு கிடைக்க 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உடலியல் தனியாக வந்தது அதற்கும் பின்புதான்.

ஆகவே, மூளையும் சுரப்பியும் மனமும் ஒரே கூடாரத்தின் கீழ் வந்தும் வெவ்வேறு அறைகளில்தான் அமர்ந்தன. 1922-இலும், சி. வி. ராமன் தலைமை வகித்த 1929-இலும், பீர்பல் ஸஹானி தலைமை வகித்த 1940-இலும் விஞ்ஞான காங்கிரஸ் சென்னையில் கூடியது. ஒளிச்சிதறலையும் புதைபடிவங்களையும் பற்றி நகரம் பெருமைப்பட்டுக்கொண்ட அந்நாள்களில், சுரப்பிகளைப் பற்றிய பேச்சு வேறொரு வாசல் வழியாக, பிள்ளைப்பேற்று வைத்தியர்களின் வாசல் வழியாக, உள்ளே வந்துகொண்டிருந்தது. மாதவிடாயும் கர்ப்பமும் பாலூட்டலும் ஹார்மோன்களின் ஆட்சிக்கு உட்பட்டவை என்பதால், அந்த ரசங்களை முதலில் கையாளப் பழகியவர்கள் பிரசவ வைத்தியர்கள் ஆனதில் வியப்பில்லை. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரத்துச் சங்கங்களும் சேர்ந்து நடத்திய முதலாவது அகில இந்தியப் பிரசவ வைத்திய மகாநாடு 1936-இல் கூடியது சென்னையில். அச்சங்கங்கள் ஒரே சம்மேளனமாக 1950-இல் இணைந்ததும் சென்னையில்தான். 1942 முதல் இருபத்தேழு வருஷம் சென்னை சர்வகலாசாலையின் துணைவேந்தராக விளங்கிய ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் இந்தத் துறையைச் சேர்ந்தவரே; அவர் பெயர் தாங்கித் தரமணியில் இயங்கும் உயர்நிலை மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஹார்மோன் இயலுக்கென்று ஒரு துறை உண்டு. இன்சுலின் என்ற ஹார்மோனின் கோளாறால் வரும் சர்க்கரை நோய்க்கென எம். விசுவநாதன் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தனி வைத்தியப் பிரிவைத் தொடங்கியது 1948-இல்.

மனநோய்க்கு வைத்தியம் செய்ய முற்பட்ட சரித்திரமோ இவற்றினும் பழையது, சோகமும் மிகுந்தது. கம்பெனி சர்ஜன் வாலன்டைன் கானலி 1794-இல் சென்னையில் ஏற்படுத்திய பைத்தியசாலை, கை மாறி இடம் மாறி, 1871-இல் கீழ்ப்பாக்கத்து விசாலமான தோட்டம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்து, 1922-இல் அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரி என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது போல உள்ளே எல்லாம் மாறிவிடவில்லை. ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே போதும், சொல்லப்பட்டவன் புத்தி பேதலித்தவன் என்று பொருள் கொள்ளும் கொடுமை நம் பேச்சில் நிலைத்துப்போயிற்று. வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் மிருகங்களும் ஏர்வாடி தர்காவில் யாத்திரிகர்களும் இருப்பது போல இங்கே யாரோ வேறு ஜாதி மனிதர்கள் இருப்பதாகச் சென்னைவாசிகள் எண்ணிக்கொண்டார்கள். மனநோய் வைத்தியர்கள் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டதும் தனியாக அல்ல. ஜவாஹர்லால் நேரு தலைமை வகித்த 1947-ஆம் வருஷத்து டில்லி விஞ்ஞான காங்கிரஸையொட்டிக் கூடியபோதுதான் இந்திய மனநல வைத்தியர் சங்கம் உருப்பெற்றது. பெரிய திருவிழாவில் வந்த கூட்டத்தில் உறவினர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்ட மாதிரிதான்.

1949-ஆம் வருஷத்தை இச்சரித்திரத்தின் கணு என்று கூறலாம். அவ்வாண்டின் வைத்திய நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர், பூனையைச் சீறவைத்த ஹெஸ். மற்றொருவர், மனிதனின் நெற்றிப்புறத்து மூளையில் இழைகளை அறுத்து மனநோயைத் தணிக்கலாம் என்று துணிந்த போர்ச்சுகல் தேசத்து எகாஸ் மோனிஸ். ஒருவர் சினம் எங்கிருந்து எழுகிறது என்று காட்ட, மற்றவர் அதை எங்கே வெட்டலாம் என்று காட்டியது போல அமைந்துவிட்டது அந்தப் பரிசு. அதே வருஷம், மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இந்தியாவிலேயே முதலாவது நரம்பு அறுவை வைத்தியத் துறையைத் தொடங்கினார். மறு வருஷம், சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தில் பயிற்சி முடித்துத் திரும்பிய பா. ராமமூர்த்தி, சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அதே பணியை ஏற்றார். வயது அப்போது இருபத்தெட்டு.

இவ்விருவரோடு, சென்னையின் எஸ். டி. நரசிம்மனும், சாண்டியின் அழைப்பை ஏற்று வேலூருக்கு வந்திருந்த நரம்பு வைத்தியர் பல்தேவ் சிங்கும் சேர்ந்து, 1951-இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தை ஸ்தாபித்தனர். ஸ்தாபகர்கள் நான்கே பேர். சாண்டி தலைவர், ராமமூர்த்தி காரியதரிசி. கத்தி பிடிப்பவரையும் மருந்து எழுதுபவரையும் பின்னர் ஆராய்ச்சிசாலையில் இருப்பவரையும் ஒரே சங்கத்தில் சேர்த்துக்கொள்வது என்ற ஏற்பாட்டை ஆரம்பத்திலேயே அவர்கள் வகுத்துக்கொண்டது, மேனாடுகளில் இத்துறையினர் தனித்தனி முகாம்களாகப் பிரிந்து நின்றதை நினைக்கும்போது, மிகவும் விவேகமான காரியம். இந்திய விஞ்ஞானத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் பெரிய அணைகளையும் அணு உலைகளையும் எண்ணுகிறார்களேயன்றி, இத்தகைய சிறு கூட்டங்களை எண்ணுவதில்லை.

சங்கத்தின் நால்வரில் பல்தேவ் சிங்கின் பயணம் தனிச் சுவை உடையது. வேலூரிலிருந்து டில்லிக்குச் சென்ற அவர், அங்கே பி. கே. ஆனந்த் என்னும் உடலியல் நிபுணரோடு கூட்டுச் சேர்ந்தார். இந்த ஆனந்த் 1951-இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஜான் ப்ரோபெக்குடன் செய்த ஆராய்ச்சியிலே, எலியின் மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியின் இரு பக்கங்களிலும் ஒரு சிறு புள்ளியைச் சிதைத்துவிட்டால், உணவு முன்னே குவிந்திருந்தும் அது தின்னாமலே பட்டினியால் மாண்டுபோகிறது என்று கண்டவர்; பசிக்கு மூளையிலே ஓர் ஆசனம் உண்டு என்பது அதனால் நிச்சயமாயிற்று. பசியின் ஆசனத்தைக் கண்ட அவரும், பல்தேவ் சிங்கும், சீனா என்னும் பெயருடைய சகா ஒருவரும் சேர்ந்து, பசியையும் வலியையும் வென்றவர்களாகச் சொல்லப்படும் யோகிகளின் தலையில் மின்கம்பிகளைப் பொருத்தி, சமாதி நிலையில் மூளையின் அலைகள் எவ்வாறு இருக்கின்றன என்று 1961-இல் எழுதி வெளியிட்டனர். வெளியிலிருந்து வரும் சத்தமும் சூடும் அந்த அலைகளைக் கலைக்கவில்லை என்ற அவர்களுடைய முடிவு உலகமெங்கும் பேசப்பட்டது. யோகியின் தலையில் கம்பி கட்டுவதை அபசாரம் என்று சிலரும், அளந்துவிட்டதனாலேயே யோகம் நிரூபணமாயிற்று என்று சிலரும் சொன்னார்கள். இரண்டு அபிப்பிராயங்களுமே அந்த ஆராய்ச்சியின் அளவுக்கு மீறியவை.

மூளையின் ரசாயனத்தைத் திறந்து காட்டிய சாவிகளுள் ஒன்று நம் நாட்டுக் காடுகளில் முளைத்த ஒரு வேர் என்பதையும் இவ்விடத்திலே சொல்லியாக வேண்டும். பைத்தியத்திற்கும் பாம்புக்கடிக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் வழங்கிவந்த சர்ப்பகந்தியை, உன்மத்தத்திற்கும் ரத்த அழுத்தத்திற்கும் கொடுத்துப் பார்த்து ஸென், போஸ் என்ற இரு வங்காளி வைத்தியர்கள் 1931-இல் எழுதினர். ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் ரத்த அழுத்தத்திற்கு அதன் குணத்தை மேனாட்டாருக்கு எடுத்துக்காட்டினார். 1952-இல் அதிலிருந்து ரெஸர்பின் என்ற சத்து பிரிக்கப்பட, இரண்டு வருஷத்திற்குள் அமெரிக்காவின் பைத்தியசாலைகளில் அது புகுந்தது. அந்தச் சத்து மூளையிலுள்ள செரோட்டோனின் சேமிப்பைக் காலிசெய்கிறது என்று கண்டபோதுதான், மனநிலைக்கும் ஒரு ரசாயனப் பொருளின் அளவுக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானிகள் முதன்முதலாகக் கையால் தொட்டார்கள். இன்று அம்மருந்தை மனநோய்க்கு யாரும் கொடுப்பதில்லை.

இனிச் சென்னையின் அறுவைக்கூடத்துக்கு வருவோம். ஜப்பானிலே நராபயாஷி என்பவர், தலையைச் சட்டத்தில் பிணித்து, எக்ஸ்ரே படத்தின் உதவியால் மூன்று திசை அளவுகளையும் கணக்கிட்டு, வாதுமைப் பருப்பின் வடிவிலுள்ள அமிக்டலா என்னும் கணுவுக்கு ஊசியைச் செலுத்தி அதைச் சிதைக்கும் முறையை வகுத்தார். அந்நாட்டின் ஸானோ, அதேபோல ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் ஒரு புள்ளியைத் தேர்ந்தார். முதலாவது கணு பயத்திற்கும் சீற்றத்திற்கும் நெருங்கிய சம்பந்தம் உடையது. இரண்டாவது, மூளையையும் சுரப்பிகளையும் இணைக்கும் வாசல். இந்த இரண்டு முறைகளையும் சென்னையில் வி. பாலசுப்பிரமணியம், ராமமூர்த்தி, ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை வைத்தியர்களுள் ஒருவராகிய டி. எஸ். கனகா ஆகியோர் 1960-களின் பிற்பகுதியிலிருந்து பெருமளவில் கைக்கொண்டனர். ஓயாது தன்னைத்தானே கடித்துக்கொள்ளும் குழந்தை, வீட்டாரை அடித்து நொறுக்கும் வாலிபன், வலிப்போடு மூர்க்கமும் சேர்ந்து வருத்தும் நோயாளி ஆகியோர் அவர்களிடம் கொண்டுவரப்பட்டனர். இந்தச் சிகிச்சைக்குப் பாலசுப்பிரமணியம் இட்ட பெயர், சாந்தப்படுத்தும் நரம்பு அறுவை என்ற பொருளுடையது.

எண்ணிக்கையைக் கேட்டால் திகைப்புத்தான் உண்டாகும். 1988-இல் ராமமூர்த்தி தாமே வெளியிட்ட கணக்கின்படி, மருந்துகளுக்கு வசப்படாத மூர்க்கத்திற்காக அறுவை செய்யப்பட்டோர் 603 பேர். அவர்களில் 481 பேருக்கு அமிக்டலாவின் இருபுறமும், 122 பேருக்கு அதற்கு அடுத்த படியாக ஹைப்போதலாமஸிலும் சிகிச்சை நடந்தது. பெரும்பாலோர் குணமடைந்தனர் என்பதும், சில வருஷங்களுக்குப் பின்னும் அக்குணம் நீடித்தது என்பதும் அவருடைய அறிக்கை. உலகத்தில் ஓர் ஊரில் இத்தனை பேருக்கு இச்சிகிச்சை நடந்த இடங்கள் வெகு சில.

இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வரும்போது கை தயங்குகிறது. அந்த வைத்தியர்கள் கொடியவர்களல்லர். புகழுக்காக மூளையைக் குத்தியவர்களுமல்லர். ஒரு குடிசையின் நடுத்தூணில் வருஷக்கணக்காகக் கட்டிப்போடப்பட்ட பிள்ளையை, அவிழ்த்துவிட்ட கயிற்றின் தழும்போடு தாய் தூக்கிவரும்போது, மருந்தென்று கொடுக்கக் கைவசம் இருந்ததெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்ட பின், என்ன செய்திருக்க வேண்டும் என்று தூரத்தில் இருந்துகொண்டு கேட்பது சுலபம். ஆயினும், சீற்றம் போயிற்று என்று சொன்னவர் யார் என்ற கேள்வி நின்றுகொண்டேயிருக்கிறது. பெற்றோர் சொன்னார்கள், வார்டு நர்ஸுகள் சொன்னார்கள், அளவுகோல் பிடித்த வைத்தியர் சொன்னார். சீற்றத்தை இழந்தவன் சொன்னது ஏட்டில் ஏறவில்லை. அவனுடைய சீற்றத்தோடு கூட வேறு எது போயிற்று என்பதை அவனைத் தவிர யார் அறிவார்? இதே காலத்தில் அமெரிக்காவிலும் இத்தகைய அறுவை பற்றிப் பெரும் விவாதம் மூண்டு, 1977-இல் ஓர் அரசாங்கக் கமிஷன் அறிக்கை வெளிவந்தது. சென்னையில் அவ்வளவு பெரிய விவாதம் எழவில்லை. ராமமூர்த்தி தம் சுயசரிதைக்கு வழிநெடுக மேட்டில் ஏறியதாகப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர் அவருடைய உழைப்புக்குப் பொருத்தமே.

வேலூரில் வேறொரு வழி திறந்தது. 1957-இல் கனடா நாட்டிலிருந்து வந்திருந்த மனநல வைத்தியர் ஃப்ளாரென்ஸ் நிக்கல்ஸ் அம்மையார், கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து பாகாயத்தில் மனநல மையத்தை ஆரம்பித்தபோது, நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் கூடத் தங்கியாக வேண்டும் என்று விதித்தார். பணியாட்கள் போதாத குறையும் இவ்விதிக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பலன் அந்தக் குறையைக் காட்டிலும் பெரிதாயிற்று. அடுப்பு மூட்டி, சோறு வடித்து, பக்கத்திலேயே படுத்துறங்கும் தாயோ மனைவியோ தம்பியோ, நோயின் குணங்களைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள். திருத்தணியிலிருந்து சோளிங்கர் வழியாகப் பஸ் ஏறி வேலூருக்குப் போகும் குடும்பங்களுக்கு இது புதுமையாகவே தோன்றியிராது. மலையடிவாரத்துச் சத்திரத்தில் நேர்ச்சைக்காகத் தங்கும்போதும் குடும்பம் முழுதும் கூடத்தானே தங்குகிறது?

மனிதர்களை விட்டு எலிகளிடம் சிறிது போவோம். நடத்தையைப் பிராணிகளிடத்திலே அவற்றின் இயல்பான நிலையில் கவனித்து ஆராயும் சாஸ்திரத்திற்கு நம் மாகாணத்தில் பேர் தேடித்தந்தவர் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரன். குகைகளில் வாழும் வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்த அவரும் அவருடைய மாணவர் என். விசுவநாதனும் செய்த ஒரு பரிசோதனை எளிமையில் இணையற்றது. வெளிச்சமே மாறாத இடத்தில் வளரும் எலிக்குஞ்சுகளிடம், நாள்தோறும் ஒரு குறித்த வேளையில் தாயெலியைக் கொண்டுவந்து விட்டு, மற்றொரு குறித்த வேளையில் அப்புறப்படுத்தி வந்தார்கள். சூரியனும் இல்லை, சந்திரனும் இல்லை. ஆயினும் குஞ்சுகளின் உடற்கடிகாரம், தாய் வரும் வேளைக்கும் போகும் வேளைக்கும் ஏற்பத் தன்னைத் திருத்தி வைத்துக்கொண்டது. 1985-இல் லண்டன் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியான இந்த ஆராய்ச்சியை நினைக்கும்போதெல்லாம், அறுவைக்கூடத்து ஊசியைக் காட்டிலும் இந்தத் தாயெலி மூளையின் ஆழத்தில் அதிக தூரம் சென்றிருக்கிறது என்று தோன்றுகிறது. ஊசி ஒரு புள்ளியைத் தொட்டது. தாயின் வரவு ஒரு பிராணியின் பகலையும் இரவையுமே அமைத்துவிட்டது.

சந்நிதிகள் மனநோயைத் தீர்க்கின்றனவா என்ற கேள்வியையும் விஞ்ஞானம் விட்டுவைக்கவில்லை. பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய சகாக்களும், திண்டுக்கல் பக்கத்து வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை வந்தவுடனும் புறப்படும்போதும் அளவுகோலிட்டுப் பார்த்தார்கள். அக்கோயிலில் விசேஷ மந்திரமோ சடங்கோ கிடையாது. வந்தவர்கள் காலையில் எழுந்து பூஜையில் கலந்துகொண்டு, சிறுசிறு வேலைகளைச் செய்துகொண்டு, சில வாரங்கள் உறவினரோடு தங்கியிருந்தார்கள், அவ்வளவே. நோயின் குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன என்று 2002-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் அவர்கள் எழுதினார்கள். இதை வைத்துக்கொண்டு கோயிலுக்கு மருந்துச்சீட்டு எழுதிவிடலாம் என்று யாரும் புறப்படாதபடி, அதற்கு முந்தைய வருஷமே ஏர்வாடி ஒரு கொடிய பாடத்தைப் புகட்டிவிட்டது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், தர்காவின் மகிமையை நம்பி வந்தவர்களை வைத்துக் காசு பண்ணிய ஒரு தனியார் கொட்டகையில் தீப்பற்ற, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகி, 28 உயிர்கள் போயின. திண்டுக்கல் கோயிலிலும் ஏர்வாடிக் கொட்டகையிலும் நோயாளிகள் ஏறக்குறைய ஒரே நம்பிக்கையோடுதான் வந்தார்கள். அங்கே அவர்களுக்குத் துணையாய் இருந்தவர்கள் வேறு, இங்கே அவர்களைக் காவல் காத்தவர்கள் வேறு.

சடங்கு மனிதனின் நடத்தையை எவ்வளவு தூரம் மாற்றக்கூடும் என்பதற்குத் திருத்தணியிலேயே நல்லதோர் உதாரணம் உண்டு. ஆங்கில வருஷப் பிறப்பன்று நம்மவர் எலுமிச்சம்பழமும் மாலையும் ஏந்தித் துரைமார்களின் பங்களா வாசல்களில் காத்துக்கிடந்த காலத்தில், வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், அந்த நாளில் பெரிய துரையாகிய முருகனைக் காணப் போவோம் என்று சொல்லி, டிசம்பர் 31-ஆம் தேதி இரவு படிக்கொரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு மலையேறும் படித்திருவிழாவை ஏற்படுத்தினார். அடிமைப் புத்தி ஹார்மோனில் இருக்கிறதா மூளைக்கணுவில் இருக்கிறதா என்று அவர் ஆராயவில்லை; போகும் வாசலை மாற்றிவிட்டார். துரைமார்கள் போய்விட்டார்கள், படித்திருவிழா இன்றும் நடக்கிறது.

இந்த மலையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் உள்ள திருப்பதியில், ஸ்ரீவேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தில், இந்திய விஞ்ஞான காங்கிரஸ் 1983-இலும், மறுபடி 2017 ஜனவரியிலும் கூடியது. அதே 2017-இல் பார்லிமென்ட் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று விலக்கியது. அதற்கு அடுத்த பிரிவிலேயே, மனநோய்க்காக மூளையில் அறுவை செய்ய வேண்டுமாயின், விவரம் அறிந்து நோயாளியே தரும் சம்மதமும் உரிய மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் இன்றிச் செய்யலாகாது என்று விதித்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே சென்னையில் அறுவை செய்யப்பட்ட 603 பேரில், குழந்தைகளும் புத்தி வளராதவர்களும் பலர். கேட்டிருந்தாலும் அத்தகைய சம்மதத்தைத் தம் வாயால் சொல்லும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை.